ஓருறைக்குள் இரு வாள்

சீற்றம் கொண்டு போரிடுகிறவர் ஒருவர். சபதம் ஏற்றுப் போரிடுகிறவர் இன்னொருவர். இந்த இருவரும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியுமா? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டின் விதிநூல்கள் இந்தக் கேள்விக்கு மூன்று தடவை பதில் எழுதியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டுப் பதில்: முடியாது. 2014இல்: முடியும். 2024இல்: முடியும், ஆனால் சீறிக்கொண்டிருக்கும் வேளையில் சபதம் தந்த ஆயுதத்தைத் தொட முடியாது. பகடை உருட்டுகிறவர்களுக்கு மட்டுமே அக்கறையுள்ள சில்லறை விதிமாற்றம் போல இது தோன்றலாம். ஆனால் ஒரு மனிதருக்குப் போர்த்திறன் எங்கிருந்து வருகிறது என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியை இவ்வளவு நுணுக்கமாக, எண்களைக் கொண்டு, கால் நூற்றாண்டாக விசாரித்த கதைவடிவம் வேறொன்று கிடைப்பது அரிது.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சில வரிகள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் அதன் மனிதர்களையும் எதிரிகளையும் அவர் நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்கிற இடத்தில் இருபது முகப் பகடை உருளும். பாத்திரம் கற்ற தொழில் என்ன என்பதைக் கிளாஸ் சொல்லும். அதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை லெவல் சொல்லும். லெவல்கள் 1 முதல் 20 வரை. ஒவ்வொரு முறை லெவல் ஏறும்போதும் பழைய கிளாஸிலேயே அடுத்த படிக்குப் போகலாம்; இல்லாவிட்டால் வேறொரு கிளாஸின் முதல் படியில் கால் வைக்கலாம். இரண்டாவதற்கு மல்டிகிளாஸ் என்று பெயர்.

மந்திரக்காரரும் வாள்வீரரும் ஒரே ஆளுக்குள் சேர்வது சட்டென்று புரிகிற கூட்டு. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது. இரண்டு வாள்வீரர்களைச் சேர்ப்பதுதான் புதிர். ஏற்கெனவே வெட்டத் தெரிந்தவருக்கு வெட்டச் சொல்லித்தர இன்னொரு ஆசான் எதற்கு?

ஆரம்பத்தில் இந்தப் புதிருக்கே இடமில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்றே கிளாஸ்கள் இருந்தன: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். வாள் பிடிக்கிற எல்லோரும் ஃபைட்டிங் மேன்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1971இல், கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் ஹீரோ ஒருவன் நான்கு சாதாரண வீரர்களுக்குச் சமம்; சூப்பர்ஹீரோ எட்டுப் பேருக்குச் சமம். 1974இல் ஃபைட்டிங் மேனின் நான்காம் லெவலுக்கு ஹீரோ என்றும் எட்டாம் லெவலுக்கு சூப்பர்ஹீரோ என்றும் பட்டம் வைத்தது அந்தக் கணக்கின் மிச்சம். வீரம் அன்றைக்குத் தலைக்கணக்காக இருந்தது. எத்தனை பேருக்குச் சமம் என்று கேட்டார்கள். எப்படிப்பட்ட வீரர் என்று கேட்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்வி எழ அதிக நாள் ஆகவில்லை. 1975இல் வந்த கிரேஹாக் இணைப்புநூல் பாலடினைக் கொண்டுவந்தது. அறம் பிறழாத வீரர். வசீகரம் என்னும் கரிஸ்மா பண்பு குறைந்தது 17 இருந்தாக வேண்டும். ஒழுக்கம் தவறினால் வரங்கள் பறிபோகும். அதே ஆண்டு, டிஎஸ்ஆரின் சிற்றேடான ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூவில் ஜோ ஃபிஷர் ரேஞ்சரை எழுதினார். டோல்கீனின் அரகார்னை வாசித்தவர்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். 1982 ஜூலை டிராகன் இதழில் கைகாக்ஸ் பார்பேரியனை அறிமுகப்படுத்தினார். 1932இல் வியர்ட் டேல்ஸ் இதழில் ராபர்ட் ஈ. ஹோவர்ட் உலவவிட்ட கோனன்தான் அந்தக் காட்டுவீரனுக்கு முன்னோடி. பார்பேரியன் மந்திரத்தையும் மந்திரக்காரர்களையும் அருவருத்து ஒதுக்கினான்.

பின்னாளில் ஃபைட்டர் ஆன ஃபைட்டிங் மேனையும் சேர்த்து இந்த நான்கு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. நால்வரும் ஒரே வாளைத்தான் வீசுகிறார்கள். அந்த வாளுக்குப் பின்னால் இருப்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஃபைட்டருக்குப் பின்னால் பயிற்சி இருக்கிறது: ஆண்டுக்கணக்கில் ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிய பயிற்சி. பார்பேரியனுக்குப் பின்னால் சீற்றம். பாலடினுக்குப் பின்னால் சபதம். ரேஞ்சருக்குப் பின்னால் நிலம்: தடம் பார்ப்பது, காற்றின் திசை அறிவது, எந்த மிருகம் எங்கே தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்திருப்பது. ஆக, இரண்டு வீரர் கிளாஸ்களைச் சேர்க்கிற ஆட்டக்காரர் பலத்தோடு பலத்தைக் கூட்டுகிறார் என்று நினைப்பது தவறு. போரிடும் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகளை ஒரே ஆளிடம் ஒப்படைக்கிறார். ஓருறைக்குள் இரு வாள் இருக்காது என்று ஊரில் சொல்வார்கள். இருக்குமா இருக்காதா என்பதைத்தான் ஒவ்வொரு பதிப்பின் விதியும் தன் வழியில் சோதித்துப் பார்த்தது.

பழைய பதிப்புகள் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தன. 1974இல் எல்ஃப் இனத்தவருக்கு மட்டும் ஒரு சாகசத்தில் வீரராகவும் அடுத்ததில் மந்திரக்காரராகவும் மாறிக்கொள்ளும் சலுகை இருந்தது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் மனிதப் பாத்திரங்களுக்குக் கடுமையான நிபந்தனை விதித்தது: பழைய கிளாஸின் முதன்மைப் பண்பு குறைந்தது 15, புதியதன் பண்பு குறைந்தது 17 இருக்க வேண்டும். அதற்கு மேல், புதிய தொழிலில் பழைய லெவலைத் தாண்டும்வரை பழைய திறமையைப் பயன்படுத்தினால் அந்தச் சாகசத்தின் அனுபவப் புள்ளிகள் போய்விடும். கற்றதை மறந்தாற்போல் நடந்துகொண்டால்தான் புதிதாகக் கற்க முடியும் என்பது அந்த விதியின் கறாரான நிலைப்பாடு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர் மூவரையும் வாரியர் என்ற ஒரே குழுவில் அடைத்தது. மனிதரல்லாத இனங்களுக்கு அது அனுமதித்த கூட்டுகளின் பட்டியல் நீளமானது. அதில் வாரியரோடு வாரியர் சேர்கிற ஜோடி ஒன்றுகூடக் கிடையாது.

2000இல் கதவு முழுசாகத் திறந்தது. விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்காக ஜோனதன் ட்வீட், மாண்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் எழுதிய மூன்றாம் பதிப்பில், சில விலக்குகளைத் தவிர, யார் எந்தக் கிளாஸையும் எந்த லெவலிலும் எடுக்கலாம். அங்கே வீரர்களின் கூட்டு மிக லாபகரமானது. ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர் நால்வருக்கும் தாக்குதல் போனஸ் லெவலுக்கு ஒன்று வீதம் ஏறும். நான்கையும் எப்படிக் கலந்தாலும் கூட்டுத்தொகை குறையாது. போனஸ் ஆறைத் தொட்டதும் இரண்டாவது வீச்சு கிடைக்கும். மூன்று லெவல் ஃபைட்டர், மூன்று லெவல் பார்பேரியன் என்று பிரித்தவருக்கும் ஆறாவது லெவலில் அது தவறாமல் வந்து சேரும். உடல் தாங்குதிறனைக் காட்டும் ஃபார்டிட்யூட் எண் இன்னும் தாராளம். ஃபைட்டரில் ஒன்று, பார்பேரியனில் ஒன்று, ரேஞ்சரில் ஒன்று என்று எடுத்தவருக்கு மூன்றாம் லெவலில் அந்த எண் 6. ஒரே கிளாஸில் மூன்று லெவல் ஏறியவருக்கு வெறும் 3. முதல் படிகளைப் பொறுக்கி எடுக்கிறவருக்கே பரிசு என்றானது. ரேஞ்சரின் முதல் லெவலே இரண்டு கைகளாலும் வாள் வீசும் வித்தையைக் கொடுத்ததால், காட்டையே பார்த்திராத பாத்திரங்கள்கூட ஒரு லெவல் ரேஞ்சர் வாங்கிக்கொண்டு வந்தன. 2003இல் வந்த திருத்தப் பதிப்பு அந்த வித்தையை இரண்டாம் லெவலுக்குத் தள்ளிவைத்தது.

இப்படிப் படிகளைப் பொறுக்குவதில் ஓர் ஏமாற்றம் இருந்தது. பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் நான்கு தொழில்களின் பெயர்கள் இருக்கும்; அந்த நான்கையும் அந்த ஆள் எங்கே, யாரிடம், ஏன் கற்றார் என்று கேட்டால் ஆட்டக்காரரிடம் விடை இருக்காது.

2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பு ஒரே ஒரு விதியால் இந்தக் கணக்கை மாற்றியது. எக்ஸ்ட்ரா அட்டாக் என்னும் இரண்டாவது வீச்சு ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர் எல்லோருக்கும் அவரவர் கிளாஸின் ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். இரண்டு கிளாஸ்களில் அது கிடைத்தாலும் ஒன்றோடொன்று கூடாது. நீச்சலை இரண்டு குளங்களில் கற்றவர் இரண்டு மடங்கு வேகமாக நீந்துவதில்லை என்பதுபோல, ஒரே திறமையை இரண்டு ஆசான்களிடம் கற்றவருக்கு விதி ஒரே ஒரு தடவைதான் கணக்கு வைக்கிறது. பார்பேரியன் 5, ஃபைட்டர் 5 என்று பத்தாம் லெவலை எட்டுகிறவருக்கு அந்தக் கடைசிப் படியில் உயிர்ப்புள்ளிகளைத் தவிர ஒன்றுமே கிடைக்காது. 2014 விதிகளில் ஃபைட்டரின் ஐந்தாம் லெவல் தருவது இரண்டாவது வீச்சு ஒன்றை மட்டும்தான். அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், ஐந்தைத் தொடுமுன் கிளாஸ் மாறினால் காத்திருக்க வேண்டியிருக்கும். ஃபைட்டர் 3, பார்பேரியன் 2 என்று ஐந்தாம் லெவலை அடைந்தவர் ஒரு தடவை வாள் வீசும்போது பக்கத்தில் நிற்கும் கலக்காத ரேஞ்சர் இரண்டு தடவை அம்பு விடுகிறார். ஃபைட்டருக்கே திரும்பிப் போனாலும் ஏழாம் லெவலில்தான் இந்த இடைவெளி அடைபடும். ஐந்தாம் லெவலுக்கு 6,500 அனுபவப் புள்ளி, ஏழாம் லெவலுக்கு 23,000. நடுவிலுள்ள 16,500 புள்ளி என்பது பல வாரங்களின் ஆட்டம். அந்த வாரங்களில் ஒவ்வொரு சண்டையிலும் ஒரு வீச்சு குறைகிறது. அந்தக் குறையைத் தாங்குகிறவர்கள் பக்கத்தில் நிற்கும் தோழர்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்கிற நிலை இது. பாத்திரத்தை உருவாக்குகிறவர்கள் பலரும் இருபதாம் லெவலின் முழு வடிவத்தை மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் இருபது வரை போவதே இல்லை. பாத்திரம் உண்மையில் வாழ்கிற காலம் நடுவிலுள்ள இந்த லெவல்கள்தான். கூட்டு அங்கேயே வேலை செய்தாக வேண்டும்.

2014 விதிகளின்படி ஒரு பாத்திரத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். மலைநாட்டுக் குடியில் பிறந்த பெண். ஐந்து லெவல் பார்பேரியன். பிறகு சமவெளி நகரம் ஒன்றின் காவல்படையில் சேர்ந்து மூன்று லெவல் ஃபைட்டர். சாம்பியன் என்ற உட்பிரிவைத் தேர்ந்துகொண்டவள். மொத்தம் எட்டாம் லெவல். கையில் இரு கைகளாலும் பிடிக்கும் வாள். இரண்டு ஆறுமுகப் பகடைகளின் சராசரி 7. வலிமைப் பண்பு 18, அதனால் போனஸ் 4. சீற்றத்தில் இருக்கும்போது சேதத்துக்கு மேலும் 2. ஒரு வெட்டு விழுந்தால் சராசரியாக 13 புள்ளி. அவளுக்கு இணையாக, அதே மலையில் பிறந்து எட்டு லெவலும் பார்பேரியனாகவே இருந்துவிட்ட தங்கை ஒருத்தி. ஃபைட்டர் பயிற்சியில் அக்காள் செலவழித்த மூன்று லெவல்களில் தங்கைக்குப் பண்பை உயர்த்தும் வாய்ப்பு இன்னொரு முறை கிடைத்தது. அவளுடைய வலிமை 20, போனஸ் 5, வெட்டுக்கு 14 புள்ளி. ஒரு நாளில் தங்கை நான்கு தடவை சீறலாம், அக்காளுக்கு மூன்றுதான்.

இருவரும் கவச எண் 15 உள்ள எதிரியை நோக்கி ரெக்லெஸ் அட்டாக் செய்கிறார்கள். இது பார்பேரியனின் இரண்டாம் லெவல் திறன். தன் காப்பைக் கைவிட்டுப் பாய்வதால் பகடையை இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை வரும்வரை எதிரிகளுக்கும் அவள்மேல் அதே சலுகை உண்டு. அக்காளின் வெட்டு விழும் வாய்ப்பு சுமார் 88 சதவீதம். தங்கைக்கு 91. சாம்பியன் பயிற்சியால் அக்காளுக்கு 19 விழுந்தாலும் 20 விழுந்தாலும் பகடைச் சேதம் இரட்டிப்பாகும். இரண்டு தடவை உருட்டுவதால் அந்த வாய்ப்பு 19 சதவீதம். தங்கைக்கு 20 மட்டும்தான். 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சுற்றில் இரண்டு வீச்சுக்கு அக்காளின் சராசரி ஏறத்தாழ 25.5, தங்கையின் சராசரி 26.8.

சாதாரணச் சுற்றில் மலையை விட்டுப் போகாதவளே முன்னால் நிற்கிறாள். ஆனால் காவல்படை அக்காளுக்கு ஆக்‌ஷன் சர்ஜ் என்ற ஒன்றையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஓய்வுக்கு ஓய்வு ஒரே ஒரு தடவை, ஒரு சுற்றுக்குள் இரண்டாவது செயல். அந்தச் சுற்றில் நான்கு வீச்சு, சராசரி 51. இடையில் ஓய்வில்லாமல் சண்டை தொடர்ந்தால் தங்கை அக்காளை எட்டிப்பிடிக்க 19 சுற்று ஆகும். இந்த ஆட்டத்தின் சண்டைகள் பொதுவாக மூன்று நான்கு சுற்றுகளில் முடிந்துவிடுகின்றன.

இந்த எண்கள் இரண்டு பெண்களின் குணத்தைச் சொல்கின்றன. தங்கை எப்போதும் ஒரே அளவில் எரிகிறாள். அக்காளும் அதே நெருப்புதான், சொல்லப்போனால் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் எந்தக் கணத்தில் முழுசாக மூட்டுவது என்பது அவளுக்குத் தெரியும். சீற்றத்தின்மேல் பயிற்சி ஏறும்போது சீற்றம் பெருகுவதில்லை. அதற்கு வேளை தெரிந்துவிடுகிறது. இதை ஒரு நாவலாசிரியர் பல பக்கங்களில் சொல்லியிருப்பார். இங்கே ஒரு கேரக்டர் ஷீட்டின் நான்கு எண்களில் கிடைக்கிறது. ரெக்லெஸ் அட்டாக்கால் தன்னைத் திறந்து வைத்துக்கொள்கிறவள் ஃபைட்டரின் போர்ப்பாணிகளில் கவச எண்ணை ஒன்று கூட்டும் தற்காப்புப் பாணியைத் தேர்ந்தால், மலையிலிருந்து வந்தவள் சமவெளியில் என்ன கற்றுக்கொண்டாள் என்பது இன்னும் துலக்கமாகும்.

பார்பேரியனும் ஃபைட்டரும் சேர்வதில் பெரிய சச்சரவு இல்லை. சீற்றமும் சபதமும் சேரும்போதுதான் உறை கிழிகிறது.

மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அறநிலைப்பாடு ஒன்று உண்டு. பாலடின் ஒழுங்கும் நன்மையும் உள்ளவராக இருந்தே ஆக வேண்டும். பார்பேரியன் ஒழுங்கு நிலைப்பாட்டுக்கு வந்தால் சீற்றம் போய்விடும். இரண்டு நிபந்தனைகளும் நேருக்கு நேர் மோதுவதால் இரண்டும் ஒரே சமயத்தில் ஒருவரிடம் உயிரோடு இருக்க வழியில்லை. அதோடு, பாலடின் வேறொரு கிளாஸில் கால் வைத்தால் மறுபடி பாலடினாக உயர முடியாது என்றும் விதி இருந்தது. சபதத்தை விட்டுப் போனவருக்குத் திரும்பும் பாதை கிடையாது.

2014 விதிகள் அறநிலைப்பாட்டுக் கட்டுப்பாட்டைக் கழற்றி எறிந்தன. வலிமையும் கரிஸ்மாவும் 13 இருந்தால் போதும். இந்தக் கூட்டின் உயிர்நாடி ஒரு நுட்பமான இடத்தில் இருந்தது. சீற்றத்தில் இருப்பவர் மந்திரம் சொல்ல முடியாது. ஏற்கெனவே சொன்ன மந்திரத்தை மனக்குவிப்பால் பிடித்து வைத்திருக்கவும் முடியாது. ஆனால் பாலடினின் டிவைன் ஸ்மைட், மந்திரத்துக்கான சேமிப்பைச் செலவழித்தாலும், தானே ஒரு மந்திரமாகக் கருதப்படவில்லை. வெட்டு விழுந்த கணத்தில் முதல் நிலைச் சேமிப்பு ஒன்றைச் செலவழித்தால் இரண்டு எட்டுமுகப் பகடை அளவு ஒளிச்சேதம் கூடும்; சராசரி 9. ஆகவே சீறிக்கொண்டே சபதத்தின் சக்தியை வாளில் இறக்கலாம். பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாத்திரம் அந்நியமாக இருக்காது: சூதாடிய சபையில் துரியோதனனின் தொடையைப் பிளப்பேன் என்று சூளுரைத்த வீமனிடம் கோபம் எங்கே முடிகிறது, சபதம் எங்கே தொடங்குகிறது என்று யாரால் பிரித்துக் காட்ட முடியும்?

அதற்கும் விலை இருந்தது. நிர்ணயிக்கப்பட்ட பண்பு எண்கள் 15, 14, 13, 12, 10, 8. வலிமைக்கு 15, உடலுறுதிக்கு 14, கரிஸ்மாவுக்கு 13 என்று வைத்தால் சுறுசுறுப்புக்கு 12தான் மிச்சம். பாலடினின் கனத்த கவசத்தை அணிந்தால் சீற்றத்தின் பலன்கள் கிடைக்காது; கழற்றினால் சுறுசுறுப்புப் போதாது. ஈட்டியும் வாளும் தரும் காயத்தைச் சீற்றம் பாதியாக்கும் என்பதுதான் ஒரே ஆறுதல். இன்னொரு விலையைக் கொடுப்பவர்கள் தோழர்கள். பிளெஸ் என்னும் ஆசி மந்திரத்தை மூன்று பேர்மேல் சொல்லி, அதை மனக்குவிப்பால் தாங்கிக்கொண்டிருக்கும் பாலடின் சீறத் தொடங்கிய அதே நொடியில் அந்த ஆசி மூவரிடமிருந்தும் அறுந்து விழும். தன் கோபத்துக்கு இடம் கொடுத்தவர் மற்றவர்களுக்குக் காவலாக இருக்க முடியாமல் போகிறது. விதி எழுதியவர்கள் இதை ஒரு நீதியாகச் சொல்லவில்லை; மந்திரமும் சீற்றமும் ஒன்றாக நிற்கக் கூடாது என்று மட்டும் எழுதினார்கள். மேசையில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு அது நாடகமாக நிகழ்கிறது.

2024 செப்டம்பரில் வந்த புதிய ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் டிவைன் ஸ்மைட்டை மந்திரமாக்கியது. வேறு காரணங்களும் அந்த மாற்றத்துக்கு இருக்கலாம், விளைவு ஒன்றே. சீற்றத்தில் மந்திரம் இல்லை, எனவே சீற்றத்தில் ஸ்மைட்டும் இல்லை. பத்தாண்டுக் காலம் சேர்ந்து வாழ்ந்த இருவர் இப்போது முறை வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. காயம் ஆற்றும் லே ஆன் ஹேண்ட்ஸ் மட்டும் மந்திரமாக எண்ணப்படாததால் தப்பியது: சீறுகிற பாலடின் தோழர் ஒருவரின் காயத்தில் கைவைத்து ஆற்ற இன்றும் தடையில்லை. இந்த மாற்றத்தைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், இப்போது நான் கோபமா சபதமா என்று தேர்ந்துகொள்ள வேண்டிய பாத்திரம், இரண்டையும் ஒருங்கே வீசுகிற பாத்திரத்தைவிட ஆடிப்பார்க்கத் தகுந்தது.

ஃபைட்டரும் பாலடினும் சேர்கிற கூட்டில் இந்தக் கொந்தளிப்பு இல்லை. அங்கே முக்கியமானது வரிசை. இரண்டாவதாக எடுக்கிற கிளாஸ் ஆபத்திலிருந்து தப்பும் சேவிங் த்ரோ தேர்ச்சிகளைத் தருவதில்லை. முதல் கிளாஸில் பெற்றவையே கடைசிவரை. ஃபைட்டராகத் தொடங்கியவருக்கு வலிமையும் உடலுறுதியும். அடிவாங்கும்போது மனக்குவிப்பு கலையாமல் காப்பது உடலுறுதிதான். பின்னாளில் பாலடின் மந்திரங்கள் வரும்போது அது கைகொடுக்கும். பாலடினாகத் தொடங்கியவருக்கு ஞானமும் கரிஸ்மாவும். அச்சத்தையும் மயக்கத்தையும் எதிர்க்கப் பழகிய மனம். கனத்த கவசத்திலும் இதே கதை. முதல் லெவலில் ஃபைட்டரோ பாலடினோ ஆனவருக்கு அது உண்டு. வேறு கிளாஸிலிருந்து பிறகு வந்து சேர்ந்தவருக்கு இலகுவான கவசமும் நடுத்தரக் கவசமும்தான். மூன்றாம் லெவலில் சபதம் எடுத்த முன்னாள் படைவீரரும், சபதத்தின் சுமை தாளாமல் கூலிப்படையில் சேர்ந்த முன்னாள் பாலடினும், ஷீட்டில் ஒரே எண்ணிக்கையில் லெவல்கள் வைத்திருந்தாலும், ஒரே ஆபத்துக்கு முன்னால் வெவ்வேறு விதமாக நடுங்குவார்கள். வளர்ந்த இடம் கடைசிவரை உடம்பில் இருக்கும் என்று விதியே ஒத்துக்கொள்கிறது.

ஆகவே லெவல்களின் வரிசையை ஒரு வாழ்க்கை வரலாறாக வாசிக்கலாம். அப்படி வாசிக்க முடிகிற கூட்டுகளே மேசையில் நிலைக்கின்றன. இணைப்பின் லாபத்தை மட்டும் பார்த்துக் கட்டிய பாத்திரம் முதல் சில சண்டைகளில் கைதட்டல் வாங்கும். பிறகு, ஏன் இந்த மலைப்பெண் ஒரு ராத்திரியில் படைப்பயிற்சி பெற்றாள் என்று தோழர் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். நல்ல குழுக்கள் ஆட்டம் தொடங்குமுன் ஒரு நாள் உட்கார்ந்து பாத்திரங்களைப் பேசிக்கொள்கின்றன. அன்றைக்கே, ஆறாவது லெவலில் இவள் படையில் சேரப்போகிறாள் என்று ஆட்டக்காரர் சொல்லிவைத்தால், டன்ஜன் மாஸ்டர் நான்காம் லெவலிலேயே ஆள்சேர்க்கும் தளபதி ஒருவரைச் சந்தையில் நடமாடவிடுவார். ஐந்தாம் லெவலில் அந்தத் தளபதி அவளுடைய சண்டையை நின்று பார்ப்பார். ஆறாவது லெவல் வரும்போது அது புள்ளிகள் கூடியதால் வந்ததாகத் தெரியாது. அழைத்ததால் போனாள் என்று தெரியும்.

எட்டாம் லெவலில் நிற்கும் அந்த அக்காளுக்கு அடுத்து என்ன? ஃபைட்டரின் நான்காம் லெவல் பண்பை உயர்த்தும் வாய்ப்பைத் தரும். தங்கைக்கு இருந்த வலிமை 20 அப்போது இவளுக்கும் வாய்க்கும். ஐந்தாவது, மேலே சொன்னபடி, வெற்றுப் படி. மூன்றாவது வீச்சு வேண்டுமென்றால் ஃபைட்டரில் பதினொன்று வரை போக வேண்டும். மொத்தம் பதினாறாம் லெவல், அநேகமாக ஆட்டம் எட்டாத தூரம். மலைக்குத் திரும்பினால் பார்பேரியனின் ஆறாவது லெவல் நாளொன்றுக்கு நான்காவது சீற்றத்தையும் அவள் விட்டுவந்த குலமரபின் அடுத்த திறனையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கணக்கும் கதையும் இங்கே ஒரே பக்கம் சாய்கின்றன: ஒன்பதாம் லெவலோடு படையிலிருந்து விலகி ஊருக்குத் திரும்புவது. ஒன்பதாம் லெவலுக்கு 48,000 புள்ளி, பத்துக்கு 64,000. வீடு திரும்பும் அந்தப் பயணத்தை, வழியில் அவளைத் தடுக்கிறவர்களையும் சேர்த்து, எழுதிக்கொள்ள டன்ஜன் மாஸ்டருக்கு 16,000 புள்ளி அளவுக்கு இடம் இருக்கிறது.